கற்பாறையில் எழுந்த திருக்கை

(உத்திரமேரூரில் சித்திரைச் சுவாதி விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று சித்திரைத் திங்கள் சுவாதி நன்னாள். திருக்குறிப்புத்தொண்ட நாயனாரின் குருபூசை நாள். அறுபத்து மூவருள் நம் தொண்டை நாட்டிற்கு, அதிலும் நம் காஞ்சி மாநகருக்கு உரியவர் அவர். சேக்கிழார் பெருமானும் குன்றத்தூரில் தோன்றிய தொண்டை நாட்டவர் அல்லவா? ஆதலால் இந்த நாயனாரைப் பாட வந்த இடத்தில், தம் நாட்டின் மலையையும் ஆற்றையும் காஞ்சியின் திருக்கோயில்களையும் ஆசை தீரப் பாடிவிட்டுத்தான் நாயனாரிடம் வருகிறார். புராணத்தின் பெரும்பகுதி நாட்டுச் சிறப்பாகவே அமைந்துவிட, நாயனாரின் வரலாறு சில பாடல்களில் முடிந்துவிடுகிறது. பாடல்கள் சிலவே, பொருளோ பெரிது.

காஞ்சியில் ஏகாலியர் குலத்தில் தோன்றிய அப்பெரியவர், சிவனடியார்களின் உடையை வெளுத்துக் கொடுப்பதையே சிவபூசையாகக் கொண்டவர். அடியார் வாய் திறந்து கேட்குமுன் முகத்தைக் கண்டே உள்ளத்தை அறிந்து, வேண்டிய தொண்டைச் செய்வார். அதனால் திருக்குறிப்புத்தொண்டர் ஆனார். பெற்றோர் இட்ட பெயர் நமக்கு வந்து சேரவில்லை. தொண்டு இட்ட பெயரே நிற்கிறது.

ஒரு குளிர்காலத்து நாள். எம்பெருமான் மெலிந்த ஏழை அடியார் வேடத்தில், அழுக்கேறிய கந்தை ஒன்றை உடுத்து அவர் முன் வந்தார். “கந்தையைத் தாருங்கள், வெளுத்துத் தருகிறேன்” என்று நாயனார் இறைஞ்சினார். குளிருக்கு இதைத் தவிர வேறு இல்லை என்றும், பொழுது சாயுமுன் உலர்த்தித் தரவேண்டும் என்றும், தவறினால் இந்த உடம்புக்கு இடர் செய்தவர் ஆவீர் என்றும் அடியார் சொன்னார். நாயனார் ஏற்றுக்கொண்டு துவைத்தார். உலர்த்தும் நேரத்தில் வானம் இருண்டது, மழை பிடித்துக்கொண்டது. இப்போது விடும், இன்னும் சிறிது நேரத்தில் விடும் என்று காத்திருந்தார். மழை விடவில்லை. பொழுது போயிற்று. குளிரில் நடுங்கி வந்தவருக்குக் கேடு செய்துவிட்டேனே, இனி நான் இருந்து என்ன பயன் என்று துவைகல்லில் தம் தலையை மோதிக்கொள்ளத் துணிந்தார். அப்போது அந்தப் பாறையிலிருந்து ஒரு கை எழுந்து அவரைப் பிடித்துக்கொண்டது. ஏகம்பநாதரின் திருக்கை அது. பெய்த மழை பூமழையாயிற்று.

அன்பர்களே! இந்த இடத்தைச் சொல்லும்போது மேடையில் பலர், “ஆகா, என்ன பக்தி! உயிரையே விடத் துணிந்தாரே!” என்று வியந்து சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அடியேன் கருத்து சிறிது வேறானது. நாயனாரின் பெருமை நாள்தோறும் அவர் செய்த தொண்டில் இருக்கிறது. பிறர் முகம் பார்த்து அகம் அறிந்ததில் இருக்கிறது. தலையை மோதத் துணிந்தது தொண்டு அன்று, துயரம். அதை இறைவன் காணிக்கையாக ஏற்கவில்லை. கை நீட்டித் தடுத்தான். திருக்காளத்தியில் கண்ணப்பரின் கையைப் பிடித்தான். திருவொற்றியூரில் கலிய நாயனாரின் கையைப் பிடித்தான். அரிவாட்டாய நாயனார் கழுத்தில் அரிவாளை வைத்தபோதும் கமரிலிருந்து கை எழுந்து தடுத்தது. இத்தனை இடங்களிலும் வந்தது தடுக்கும் கை. இதை நாம் ஊன்றிப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் பாருங்கள். அந்த மாலைப்பொழுதில் நாயனாருக்கு நடந்தது என்ன? மழை என்றைக்கும் பெய்துகொண்டே இருக்கப் போவதில்லை. வந்த அடியாருக்கு வேறோர் உடை கொடுத்திருக்கலாம். நெருப்பு மூட்டிக் குளிர் காய வைத்திருக்கலாம். பிறர் குறையெல்லாம் குறிப்பால் உணர்ந்த அந்த அறிவுக்கு, அந்த ஒரு நாழிகையில் ஒரு வழியும் புலப்படவில்லை. எல்லாக் கதவும் அடைபட்டதாக மனம் அவரிடம் சொன்னது. நாயனாருக்கு நோய் இருந்தது என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது அபசாரம். எத்தனை நல்லவருக்கும், எத்தனை பெரிய அன்பருக்கும் மனம் அப்படி இருண்டு போகும் ஒரு வேளை வரக்கூடும் என்பதற்காகச் சொல்கிறேன். சேக்கிழார் பெருமான் அதற்காக அவரை ஒரு சொல்லாலும் குறை கூறவில்லை. நாம் கூறுகிறோம்.

நாயனாருக்கு ஒரு மாலையில் வந்த அந்த இருள், சிலருக்கு வாரக்கணக்காக, மாதக்கணக்காக நீங்காமல் நிற்கிறது. அதற்கு மருத்துவர்கள் மனச்சோர்வு நோய் என்று பெயர் சொல்லுகிறார்கள். இன்று அதைப் பற்றிப் பேசவே இந்தப் புராணத்தை எடுத்துக்கொண்டேன். குருபூசை மேடையில் நோயைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் நினைக்கலாம். குறிப்பறிந்தவரின் நாளில் இதைப் பேசாமல் வேறு எந்த நாளில் பேசுவது?

கவலை வேறு, இந்த நோய் வேறு. விளைச்சல் பொய்த்தால் கவலை வரும். பெண்ணுக்கு வரன் அமையாவிட்டால் கவலை வரும். நெருங்கியவர் மறைந்தால் அழுகை வரும். அவை மனித இயல்பு. நாளாக நாளாகத் தேறும். இந்த நோயோ காரணம் இருந்தும் வரும், காரணம் ஒன்றும் இல்லாமலும் வரும். இரண்டு வாரத்திற்கு மேலாக, நாளின் பெரும்பொழுதும் மனம் கனத்துக் கிடக்கும்; விருப்பமாகச் செய்த எதிலும் பிடிப்பு இராது. இரவு தூக்கம் வராது, அல்லது விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துக்கொண்டு மீண்டும் கண் அயராது. சோறு இறங்காது, உடம்பு இளைக்கும். சிறு வேலையும் மலைபோல் தோன்றும். நான் எதற்கும் உதவாதவன், என்னால் பிறருக்குப் பாரம் என்ற எண்ணம் ஓயாது அரித்துக்கொண்டிருக்கும். நம் கிராமங்களில் இவர்கள் மனம் சரியில்லை என்று வந்து சொல்வதில்லை. நெஞ்சு அடைக்கிறது, உடம்பெல்லாம் வலி, கை கால் ஓய்ந்து போகிறது, தலை பாரமாக இருக்கிறது என்றுதான் சொல்லுவார்கள். நாமும் தைலம் தேய்த்துவிட்டு அனுப்பிவிடுகிறோம்.

பக்தர்களுக்கு இது வேறொரு வேடத்திலும் வரும். பூசையில் மனம் செல்லவில்லை, திருமுறை ஓதினால் நாவில் சொல் நிற்கவில்லை, சிவன் என்னைக் கைவிட்டுவிட்டான் என்று தோன்றும். அவர் அதை யாரிடமும் சொல்லவும் அஞ்சுவார். தம் பக்தி கெட்டுவிட்டதாக எண்ணி வெட்கப்படுவார். பக்தி கெடவில்லை, அன்பர்களே. காய்ச்சல் கண்டவனுக்குப் பால் கசக்கிறது, பால் கெட்டுவிட்டதா?

நம் சித்தாந்தம் இதற்கு மிகத் தெளிவான விடை வைத்திருக்கிறது. மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தின் நான்காம் சூத்திரத்தை நினைவுகூருங்கள். மனம், புத்தி, சித்தம், அகங்காரம் ஆகிய அந்தக்கரணங்களுள் ஒன்று அன்று ஆன்மா. அரசன் அமைச்சரோடு கூடித் தொழில் செய்வதுபோல ஆன்மா அவற்றோடு கூடி நிற்கிறது என்பது அதன் கருத்து. தனு, கரணம், புவனம், போகம் நான்கும் உயிர்கள் ஈடேறும் பொருட்டு இறைவன் கொடுத்தவை. உடம்பு அவன் கொடுத்த கருவி. மனமும் அவன் கொடுத்த கருவி. கண்ணில் புரை விழுந்தால் கண் மருத்துவரிடம் போகிறோம். ஆன்மாவே குருடாயிற்று என்று யாரும் சொல்வதில்லை. அகக் கருவி ஒன்று பழுதுபட்டால் மட்டும் அந்த மனிதனே பழுது என்று ஏன் எண்ணுகிறோம்? சைவர்களாகிய நாம் அப்படி எண்ணுவது நம் சாத்திரத்திற்கே மாறு. மனநோயால் வாடுபவரின் உயிர் நோயில்லாதவரின் உயிரைவிடச் சிறிதும் தாழ்ந்தது அன்று. அமைச்சர் தளர்ந்திருக்கிறார், அவ்வளவே, அரசன் அரசனே.

பெயரும் தெருவும் சொல்லாமல் ஒரு குடும்பத்தின் செய்தியைச் சொல்கிறேன். இந்தப் பக்கத்து அன்பர் ஒருவர், சிறு விவசாயி. திருவிழா என்றால் சீபாதம் தாங்குவதில் முதல் தோள் அவருடையது. ஐம்பது வயதைத் தொட்டபோது, வீட்டில் ஒரு குறையும் இல்லாத ஆண்டில், அவர் கோயிலுக்கு வருவது குறைந்தது. வந்தாலும் கொடிமரத்துக்கு அப்பால் வராமல் நின்றுவிட்டுப் போவார். ஊரார் என்ன சொன்னார்கள்? நிலம் வாங்கிவிட்டார், செருக்கு வந்துவிட்டது என்றனர் சிலர். தோள் கொடுக்கச் சோம்பல் என்றனர் சிலர். வீட்டாரோ யாரோ வைத்துவிட்டார்கள் என்று எண்ணி மந்திரித்தார்கள், வேப்பிலை அடித்தார்கள், பரிகாரம் என்று பல ஊர் அலைந்து, கறவை மாடு ஒன்றையும் விற்றார்கள். அவர் ஒன்றும் பேசுவதில்லை. எல்லாவற்றுக்கும் தலையை அசைத்துவிட்டுத் திண்ணையில் படுத்துவிடுவார்.

அவரைக் குறிப்பறிந்தவர் பூக்கட்டும் அம்மையார் ஒருவர். வேட்டி இடுப்பில் நிற்கவில்லை, பிரசாதத்தை வாங்கி உண்ணாமல் தூணோரம் வைத்துவிட்டுப் போகிறார், கண் எங்கோ இருக்கிறது என்று நான்கு பிரதோஷமாகக் கவனித்திருக்கிறார். பிறகு அவர் மனைவியிடம் போய், “என் தம்பிக்கும் இப்படித்தான் இருந்தது. இது காற்றும் அன்று, கருப்பும் அன்று, வியாதி. நீ தனியாகப் போக வேண்டாம், நானும் வருகிறேன்” என்று சொல்லி, அடுத்த நாளே காஞ்சிபுரத்தில் மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். மருத்துவர் அந்த அன்பரிடம் கேட்ட கேள்விகளுள் ஒன்று, உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா என்பது. அவர் முதன்முதலாக வாய்விட்டு அழுதார். மூன்று மாதமாக ஒவ்வொரு விடியலிலும் அந்த எண்ணம் இருந்திருக்கிறது. ஒரே வீட்டில் இருந்தும் யாருக்கும் தெரியவில்லை. மருந்து தொடங்கி ஆறு வாரம் கழித்து, மாலையில் தாமாகவே எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாராம். மனைவி அதைச் சொல்லும்போது, பெரிய வரம் கிடைத்ததுபோலச் சொன்னார்.

அப்படி ஒரு கேள்வியைக் கேட்டால், இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டிவிட்டதாகாதா என்று பலரும் அஞ்சுகிறார்கள். ஆகாது. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக உண்டாவதில்லை என்று மருத்துவ உலகம் ஆராய்ந்து சொல்லியிருக்கிறது. பரிவோடு கேட்டால் உள்ளே அடைபட்டது வெளியே வருகிறது. கேளுங்கள். அப்படிச் சொன்னவரைத் தனியே விடாமல், அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

இது எங்கோ ஒருவருக்கு வருவது என்று எண்ண வேண்டா. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, வயது வந்தோருள் 20 பேருக்கு ஒருவர் வாழ்நாளில் இந்த நோயைக் கண்டவர் என்று கூறுகிறது. இந்த மண்டபத்தில் 400 பேர் இருந்தால் 20 பேர். அதைவிட வருத்தம் தருவது மற்றொரு செய்தி: இத்தகைய நோயுற்றவர்களில் 100-க்கு 80 பேருக்கு மேல் சிகிச்சை பெறாமலே இருக்கிறார்கள். நோய்க்கு மருந்து இருந்தும் வாய்க்கு வந்து சேரவில்லை.

ஏன் சேரவில்லை? வெட்கம் ஒன்று. வினை என்ற பேச்சு மற்றொன்று. “அவன் வினை, அவன் அனுபவிக்கிறான்” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். பாம்பு கடித்தவனைப் பார்த்து அப்படிச் சொல்கிறோமா? வினைப்பயனை ஊட்டுபவன் இறைவன் என்றால், மருந்தையும் மருத்துவனையும் படைத்தவன் யார்? வைத்தீசுவரன்கோயிலில் அவனுக்கு வைத்தியநாதன் என்றே திருநாமம். வினை என்ற சொல்லைப் பிறர் துன்பத்தைக் கண்டு கைகட்டி நிற்பதற்குச் சாக்காகக் கொள்வது, சித்தாந்தத்தைச் சோம்பலுக்கு விற்பதாகும்.

“நாவுக்கரசர் பெருமானின் சூலை திருநீற்றால் தீரவில்லையா? நாங்களும் திருநீறு பூசிப் பதிகம் ஓதினால் போதாதா?” என்று கேட்கும் அன்பர்கள் உண்டு. நியாயமான கேள்வி, விடை சொல்லாமல் போகக் கூடாது. அந்தச் சூலை, சமண் சார்ந்து நின்ற தம் அன்பரை ஆட்கொள்ள இறைவனே கொடுத்தது என்பது பெரியபுராணம். நம் ஒவ்வொருவர் நோயும் அத்தகையது என்று நாமே முடிவு செய்யலாமா? அது ஒருபுறம் இருக்கட்டும். நோய் கண்டதும் அவர் செய்த காரியத்தைப் பாருங்கள். அன்று அவர் தருமசேனர். பாடலிபுத்திரத்துச் சமணர்களுக்குத் தலைவர். அங்கே கிடைத்த உதவி பலிக்கவில்லை. மறைத்து வைத்துக்கொண்டாரா? சமையற்காரனை அழைத்து, என் நிலையைத் தமக்கையாரிடம் சொல் என்று அனுப்பினார். பிறகு தலைமையையும் பெருமையையும் விட்டுவிட்டு, இரவோடு இரவாகத் திருவதிகைக்குப் போய்த் திலகவதியார் காலில் விழுந்தார். திருநீறு அதற்குப் பிறகு வந்தது. முதலில் வந்தது, எனக்குத் தாங்க முடியவில்லை என்று ஒருவரிடம் சொன்ன சொல். நம் ஆண்மக்கள் இதை நன்றாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கோயிலுக்கும் மருத்துவத்திற்கும் பகை என்று நினைப்பவர்கள் இந்த வட்டாரத்து வரலாற்றை அறியாதவர்கள். பழைய சீவரத்துக்கு எதிர்க்கரையில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலுக்கு ஒரு முறை போய் வாருங்கள். அங்குள்ள பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழனின் கல்வெட்டு இருக்கிறது. அவன் ஆட்சி 1063 முதல் 1070 வரை. வேதமும் இலக்கணமும் பயிலும் மாணவர் தங்குவதற்கு ஒரு விடுதியும், வீரசோழன் என்று பெயரிட்ட ஓர் ஆதுலர் சாலையும் அந்தக் கோயிலில் நடந்திருக்கின்றன. ஆதுலர் சாலை என்றால் மருத்துவமனை. 15 நோயாளிகள் தங்கும் இடம், ஒரு மருத்துவர், அறுவை செய்பவர் ஒருவர், மருந்துக்கு வேண்டியவை கொணர இருவர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள் இருவர், ஒரு நாவிதர். இரவில் அங்கே விளக்கு எரிய எண்ணெய்க்கும் பொருள் ஒதுக்கியிருக்கிறார்கள். நோயாளிக்கு இரவு நீளம் என்று அறிந்தவர் யாரோ அந்தக் கணக்கை எழுதியிருக்கிறார்!

ஆண்டு முழுமைக்கும் இருப்பில் வைக்கவேண்டிய மருந்துகளின் பெயர்களையும் அக்கல்வெட்டு வரிசையாகச் சொல்கிறது. அவற்றுள் ஒன்று நாட்பட்ட பழைய நெய். சரக சங்கிதை முதலிய ஆயுர்வேத நூல்கள், மனம் பிறழும் உன்மாத நோய்க்குப் பழைய நெய்யை மருந்தாகச் சிறப்பித்துக் கூறுகின்றன. தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, கோயில் மதிலுக்குள் அத்தகைய மருந்தைச் சேமித்து வைத்த நாடு இது. வேப்பிலை அடித்துக்கொண்டிருந்த நாடு என்று மட்டும் நினைக்க வேண்டா.

அந்த முறை மாறி, நோயாளியைக் கோயிலிலோ தர்காவிலோ விட்டுவிட்டு வரும் வழக்கம் வந்ததே, அதன் கொடுமையை 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் நாடு கண்டது. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்தவர்களைத் தங்கவைத்திருந்த ஒரு காப்பகத்தில் தீப்பிடித்து 28 பேர் மாண்டார்கள். சங்கிலியால் பிணைத்திருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. இறைநம்பிக்கை அவர்களைக் கட்டவில்லை. மருத்துவத்தை மறந்த நம் அறியாமை கட்டியது. இன்று சங்கிலியால் பிணைப்பது சட்டத்தால் தடுக்கப்பட்டிருக்கிறது. அந்த ஏர்வாடியிலேயே பின்னாளில் ‘மருந்தும் பிரார்த்தனையும்’ என்ற முறையில், வழிபட வருபவர்களை அரசு மருத்துவரும் பார்க்கும் ஏற்பாடு வந்தது. நல்ல ஏற்பாடு. நம் கோயில்களும் அவ்வழியைப் பின்பற்றலாம்.

சிகிச்சை என்றால் என்ன என்று தெரியாமலே பலர் அஞ்சுகிறார்கள். முதலில் மருத்துவர் பேசுவார், கேட்பார். இரத்தசோகையோ தைராய்டுக் கோளாறோ இருக்கிறதா என்று சோதிப்பதும் உண்டு. அவையும் இதுபோலச் சோர்வைத் தரும். சிலருக்குப் பேச்சினாலேயே, முறையான ஆலோசனையினாலேயே குணம் தெரியும். சிலருக்கு மாத்திரை வேண்டும். இந்த மாத்திரை பழக்கமாகிவிடும், மயக்கத்திலேயே வைத்திருக்கும் என்பது ஊர்ப்பேச்சு. மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரைகள் கள்ளையும் அபினையும்போல அடிமையாக்குபவை அல்ல. ஆனால் நாமாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், சிலருக்கு இன்னும் மிகும். குணம் கண்ட பிறகும் ஆறு மாதமாவது தொடர வேண்டும் என்பார்கள். நம்மவர் பத்து நாள் சாப்பிட்டுவிட்டுப் பலன் இல்லை என்று எறிந்துவிடுகிறார்கள். அல்லது குணம் தெரிந்தவுடன் நிறுத்திவிட்டு மீண்டும் விழுந்துவிடுகிறார்கள்.

இங்கே சுந்தரமூர்த்தி சுவாமிகளை நினைக்கிறேன். திருவொற்றியூரில் சங்கிலியாருக்குச் செய்த சூளுறவைக் கடந்ததால் இரு கண்களும் மறைந்தன. நட்பு எத்தகையது! தம்பிரான் தோழர்! உடனே கண்ணைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம் அல்லவா? திருவெண்பாக்கத்தில் இறைவன் கொடுத்தது ஓர் ஊன்றுகோல். பூண்டி நீர்த்தேக்கம் அமைந்தபோது அப்பழைய கோயில் நீருக்குள் போயிற்று. இறைவனை வேறிடத்தில் எழுந்தருளச் செய்திருக்கிறார்கள். கோலை ஊன்றிக்கொண்டு சுந்தரர் திருவாலங்காடு வழியே நம் காஞ்சிக்கு வந்தார். ஏகம்பத்தில் இடக்கண் மட்டும் கிடைத்தது. ஒரு கண்ணோடு நடந்தார். வலக்கண் கிடைத்தது திருவாரூரில். இதில் எனக்குப் பெரிய ஆறுதல் உண்டு. கோலைக் கொடுத்தவனும் அவன், கண்ணைக் கொடுத்தவனும் அவன். கோலை ஊன்றியதால் சுந்தரரின் அன்பு குறைந்ததாக யாரும் சொல்லவில்லை. மாத்திரையை அந்தக் கோல் என்று கொள்ளுங்கள். இடக்கண் கிடைத்தவுடன், வலக்கண் வரவில்லையே என்று மருத்துவரைக் கைவிடவும் வேண்டா.

பிள்ளை பெற்ற தாய்மார்களைப் பற்றி ஒரு சொல். மகப்பேற்றுக்குப் பின் சில வாரங்களில் இந்த நோய் வருவது உண்டு. குழந்தையைத் தூக்க மனம் இராது, ஓயாது அழுவாள். “பெற்றவளுக்குப் பிள்ளைமேல் பாசம் இல்லையே” என்று மாமியார் ஒரு சொல் சொல்லிவிட்டால் அவள் உடைந்துபோவாள். பாசம் இல்லாமல் இல்லை; அவளுக்கு உடல்நலம் இல்லை. உங்கள் கிராமத்துச் செவிலியரிடம் சொல்லுங்கள், மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

நம் உத்திரமேரூரின் பெயர் உலகமெங்கும் தெரிந்தது எதனால்? பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் பொறித்த குடவோலைக் கல்வெட்டுகளால். ஏரி வாரியம், தோட்ட வாரியம், சம்வத்சர வாரியம் என்று வாரியங்கள் வைத்து ஊரை ஆண்டார்கள். ஏரிக்கரையில் எலி வளை தோண்டினாலும் கவனிக்க ஆள் வேண்டும் என்று அறிந்த ஊர் இது. மழைக்காலத்தில் கரை உடைந்த பிறகு ஓடுவதில் பயன் இல்லை. இன்று மனிதர் உள்ளத்தில் கசிவு கண்டால் பார்ப்பதற்கு எந்த வாரியம் இருக்கிறது? கோயிலுக்கு வருபவர்களாகிய நாமே அந்த வாரியமாக இருக்கலாமே! வழக்கமாக வருபவர் மூன்று வாரம் வராவிட்டால், வீட்டுக்கு ஒருவர் போய்ப் பார்ப்பது பெரிய வேலையா? ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே நாட்டில், பயிற்சி பெற்ற பாட்டிமார்கள் மருத்துவ நிலையத்துக்கு வெளியே பலகையில் உட்கார்ந்து, மனம் சோர்ந்து வருபவர்களோடு முறையாகப் பேசிக் குணமடைய உதவுகிறார்கள். அது பலன் தருகிறது என்று 2016-இல் ஆராய்ச்சி முடிவும் வெளியாயிற்று. நம் திருச்சுற்றில் பலகையும் உண்டு, பாட்டிமார்களும் உண்டு.

எங்கே போவது என்று கேட்பீர்கள். காஞ்சிபுரம் அரசுத் தலைமை மருத்துவமனையில் மனநல மருத்துவம் உண்டு, கட்டணம் இல்லை. செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் உண்டு. சென்னையில் 1794-இல் தோன்றிய பழைய மனநல மருத்துவமனை இன்று கீழ்ப்பாக்கத்தில் மனநலக் கழகமாக விளங்குகிறது. அதன் பெயரைச் சொல்லி ஒருவரைக் கேலி செய்யும் கெட்ட வழக்கத்தை நாம் விட்டுவிட வேண்டும். போக முடியாத நேரத்தில், நள்ளிரவானாலும், 14416 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் பேசலாம். 2022 அக்டோபரில் அரசு தொடங்கிய இலவச உதவி அது, தமிழிலேயே பேசுவார்கள். 104 என்ற எண்ணும் உண்டு. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவரைப் பிடித்துத் தண்டிப்பார்கள் என்று அஞ்சி மறைப்பவர்களும் இருக்கிறார்கள். 2017-இல் இயற்றி 2018-இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், அவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கொண்டு, தண்டிக்காமல் சிகிச்சை தரவேண்டும் என்கிறது. ஆகவே மறைக்காதீர்கள், அழைத்துச் செல்லுங்கள்.

துணைக்கு ஆள் இல்லாதவர்கள், விழாக் குழுவிலுள்ள பெரியவர்களில் யாரிடமாவது தனியாக வந்து சொல்லுங்கள். காஞ்சிபுரம் வரை உடன் வர ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இசைந்திருக்கிறார்கள். யாருக்கு, என்ன நோய் என்று அவர்கள் வெளியே சொல்ல மாட்டார்கள். பேருந்துச் செலவை விழாக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம் என்று குழுவினரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். முதல் பேருந்திலேயே புறப்பட்டால் புறநோயாளிச் சீட்டு வாங்கக் கூட்டம் குறைவாக இருக்கும். பழைய மருந்துச் சீட்டுகள் இருந்தால் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். நாயனாருக்குத் தீபாராதனை காட்ட அழைக்கிறார்கள், அனைவரும் எழுந்தருள்க.

திருச்சிற்றம்பலம்.